அம்மாவை ஏற்றிக்கொண்டு கோவளம் கிளம்பிய வேன்

என் செல்ல அக்கா,

நீ போன பிறகு நம் வேனை முதல் தடவையாக வெளியே எடுத்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பழைய பள்ளி வேனை வாங்கி, நான் கட்டிலும் அலமாரியும் அடிக்க, நீ பேட்டரியும் ஃபிரிட்ஜும் வைத்து வயர் இழுத்தாயே, அது சிட்லபாக்கம் வீட்டு வாசலில் தூசி படிந்து நின்றது. அம்மாதான் ஆரம்பித்தாள். "அவ அவ்ளோ ஆசையா கட்டினது. ஒரு தடவை கோவளம் வரைக்கும் போயிட்டு வரலாம்டி."

எப்படி மறுப்பேன், சொல்.

அம்மாவைப் பின்னால் கட்டிலில் உட்கார வைத்தேன். கட்டிலடியில் உன் பேட்டரி. பக்கத்திலேயே சமையல் கேஸ் சிலிண்டர். கேளம்பாக்கம் சாலையில் ஒரு பள்ளத்தைக் கவனிக்காமல் விட்டேன். பின்னால் தடாலென்று சத்தம். கொஞ்ச தூரம் போனதும் அம்மாவின் குரல்: "சுமதி, ஏதோ கருகுற வாசனை வருதுடி."

ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் நகர்ந்து பக்கக் கதவை அடைத்திருந்தது. அதன் வயர் இரும்புச் சட்டத்தில் நசுங்கிப் பொறி பறந்தது. கட்டியிருந்த பெல்ட் தளர்ந்து, பேட்டரி சிலிண்டரில் இடித்துக்கொண்டு நின்றது. முட்டி வலியில் அம்மாவால் எழக்கூட முடியவில்லை.

"நீ எறங்கி ஓடிடு" என்றாள் என்னிடம்.

ஓட்டுநர் இருக்கைப் பக்கம் நீ வைத்த மெயின் சுவிட்சை அணைத்தேன். பொறி நின்றது. புகை நிற்கவில்லை. பின்கதவுக்கு ஓடினேன், தாழ்ப்பாள் பிடிபடவில்லை. சாலையோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்தார். "இன்னாம்மா, வண்டி பொகையுது? நீ தாப்பாளத் தொற. ஆயாவ நான் புடிச்சிக்கிறேன்."

இருவருமாக அம்மாவைத் தூக்கி இறக்கினோம். வேனுக்குள் புகை தீயாகாமல் மெல்ல அடங்கியது. நான் அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா அழவில்லை, என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

எல்லாவற்றையும் பிரித்து மறுபடி பொருத்திவிட்டேன், அக்கா. பேட்டரிக்கு அடியில் தடித்த ரப்பர், சுற்றிலும் தரையோடு போல்ட் போட்ட இரும்புச் சட்டம், மேலே இரண்டு பெல்ட். ஃபிரிட்ஜும் ரப்பர் மேல் உட்கார்ந்து தரையோடு முடுக்கியாயிற்று. வயரெல்லாம் குழாய்க்குள். சிலிண்டர் எதிர் மூலையில். ஆனாலும் தெருவில் தண்ணீர் லாரி போனாலே எழுந்து ஓடிப்போய்க் கட்டிலடியில் கை வைத்துப் பார்க்கிறேன். இது போதும் என்று நீ சொல்வாயா? நான் யாரிடம் கேட்பது?

நேற்றும் அம்மா கேட்டாள், "எப்போடி கடலுக்குப் போறோம்?"

முதலில் நான் மட்டும் அதே சாலையில் அதே பள்ளங்களில் ஓட்டிப் பார்ப்பேன். ஏதாவது துளி அசைந்திருந்தாலும் அம்மாவை ஏற்ற மாட்டேன். அசையவில்லையென்றால், எவ்வளவு பயந்தாலும் அவளைக் கோவளம் கூட்டிப்போவேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உனக்குப் பின் பிறந்து, இப்போது அம்மாவுக்கு ஒரே பிள்ளையாகிவிட்ட உன் தங்கை,
சுமதி