மூன்று கால் பூனை

அன்புள்ள உனக்கு,

ஒஹாயோவில் குளிர் எப்படி? பாஸ்டனில் பனி விட்டபாடில்லை.

என் ஓவிய வகுப்பில் களிமண்ணா, வண்ணமா, அட்டையா என்று குழந்தைகள்தாம் முடிவு செய்வார்கள். இதைச் செய் என்று நான் சொல்வதில்லை. இன்று ஒன்றாம் வகுப்பு மேவிஸ் எதையும் தொடாமல் நின்றாள்.

"என்ன செய்யட்டும் மிஸ்?"

"உன் இஷ்டம்தான் கண்ணு."

"அப்ப உங்களுக்கு எதுவுமே வேணாமா?"

எனக்குக் குழப்பமாகிவிட்டது. "ஒரு பூனை வேணும்" என்றேன். களிமண் மேசைக்குத் துள்ளிக்கொண்டு ஓடினாள்.

நான் செய்தது சரியா, தெரியவில்லை. பெட்டியோடு வாசலில் நின்று "போகட்டுமா?" என்று நீ கேட்டபோதும் "உன் இஷ்டம்" என்றுதான் சொன்னேன். அது மரியாதை என்றல்லவா நினைத்திருந்தேன்?

பூனைக்கு மூன்று கால்தான். 'இஷ்டமிருந்தால் வந்து பார்' என்று எழுதி, முதல் வார்த்தையை அடித்துவிட்டேன்.

உன் மனைவி