எதிர் பால்கனியில் காயும் துண்டுகள்

செப்டம்பர் 5, திங்கள்

எதிர் லாட்ஜில் இன்று மூன்று பால்கனிகளில் துண்டு காய்கிறது.

மூன்று! எனக்குக் காப்பி இறங்கவில்லை. திரையை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன். மகள் பின்னால் வந்து, "அம்மா, உளவு வேலை முடிஞ்சிருந்தா எனக்கு ஒரு டீ கிடைக்குமா?" என்றாள். அவளுக்கென்ன. எதிரே இருப்பது அவளுக்குச் சித்தி. எனக்கு ஓர்ப்படி, கொழுந்தன் பெண்டாட்டி. மாமனார் போனதும் சொத்தைப் பிரித்தார்கள். தெருவின் இந்தப் பக்கக் கட்டடம் எங்களுக்கு, ஆற்றங்கரைப் பக்கக் கட்டடம் அவர்களுக்கு. அவள் ஆற்றைப் பார்க்கிறாள். நான் அவளைப் பார்க்கிறேன். பாகப்பிரிவினையின் லட்சணம் இது.

இந்த ஊரில் எதுவும் விளைவதில்லை. வருகிறவர்கள் ஆற்றைப் பார்ப்பார்கள், கோட்டையைப் பார்ப்பார்கள், தூங்குவார்கள், போவார்கள். அதை வைத்துத்தான் ஊரே சாப்பிட்டது. நோய் வந்து வழியெல்லாம் அடைத்த பிறகு படகுக்காரர் வெங்காயம் விற்றார், கோட்டை வாசலில் போட்டோ எடுப்பவர் சைக்கிளில் பால் போட்டார். நாங்கள் இரண்டு வருஷமாக ஈ ஓட்டினோம்.

உண்மையை எழுதினால் என்ன, என் நோட்டுதானே. அந்த இரண்டு வருஷமும் எனக்கு ஒரு மூலையில் நிம்மதியாகத்தான் இருந்தது. அவள் ஜன்னலும் இருட்டு, என் ஜன்னலும் இருட்டு. இப்போது திறந்தாயிற்று. முதல் ஆள் யார் வாசலில் ஏறினான்? அவள் வாசலில்.

செப்டம்பர் 6, செவ்வாய்

நாலு துண்டு.

செப்டம்பர் 9, வெள்ளி

இவர் இன்று வாயைத் திறந்தார். மருந்துக் கம்பெனிக்காரன் ஒருவன் கிடங்கு தேடுகிறானாம். அறைகளுக்கு நடுவே இருக்கிற சுவரை இடித்துவிட்டுப் பெட்டி அடுக்குவானாம். வருஷக்கணக்கில் குத்தகை. தலைவலி இல்லை என்றார்.

"எனக்கு இப்ப தலை வலிக்குதுன்னு உங்ககிட்ட சொன்னேனா?" என்றேன்.

"இந்த ஊர் இனி எழுந்திரிக்காது. டீக்கடைல எல்லாரும் அதைத்தான் பேசறாங்க."

"எதிர் லாட்ஜ் மட்டும் எழுந்திரிச்சு உக்காந்து துண்டு காயப்போடுதே, எப்படி?"

அக்டோபர் கடைசி வரை பார்ப்போம் என்றார். அதற்குள் அறைகளில் ஆள் தங்கினால் லாட்ஜ். இல்லையென்றால் அந்த ஆள் டேப் எடுத்துக்கொண்டு அளக்க வருவான்.

இடிப்பானாம். ஏழாம் நம்பர் அறைச் சுவரின் பச்சை நிறத்தைக் கலக்கியவள் நான். பூட்டியிருந்த இரண்டு வருஷமும் ஒவ்வொரு அறையாகப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, துருத் தண்ணீர் வடிந்து நல்ல தண்ணீர் வரும்வரை பக்கத்திலேயே நின்றவள் நான். மெத்தையைப் புரட்டிப் போட்டவள் நான். மருந்துப் பெட்டிக்காகவா?

செப்டம்பர் 12, திங்கள்

அவளுக்கு என்ன இருக்கிறது, எனக்கு என்ன இல்லை? வருகிறவர்களிடம் அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை பேசுவாள். தலையைச் சாய்த்துச் சிரிப்பாள். உடனே அவன் போனில் அவள் லாட்ஜுக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டுவிடுவான். என் கழிப்பறையில் முகம் பார்க்கலாம், அதற்கு யார் நட்சத்திரம் போட்டார்கள்?

எனக்கும் சிரிக்கத் தெரியும். காரணம் வேண்டும், அவ்வளவுதான்.

செப்டம்பர் 14, புதன்

மாமியார் உயிரோடு இருந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொல்லியிருந்தார். காலியான லாட்ஜுக்குள் எவனும் கால் வைக்கமாட்டான். ஆளில்லாத நாளில் பால்கனியில் துண்டைக் காயப்போடு, சாயங்காலம் நாலு அறையில் விளக்கைப் போடு. "உனக்கு மட்டும் சொல்றேன், வெளிய விடாதே" என்றார்.

இன்று போட்டேன்!

சும்மா தொங்கவிட்டால் போதாது. நனைக்க வேண்டும், பிழிய வேண்டும். காலையில் போட்டதைச் சாயங்காலம் எடுத்து, வேறு அறையில் வேறு நிறத்தில் போட வேண்டும். மகள் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். "ரூம் சர்வீஸ் பிரமாதம்மா. பேய்க்கு சோப்பு வெச்சியா?" என்றாள். ஓர் அறை விடாமல் வைத்திருந்தேன். சொல்லவில்லை.

மொத்தம் ஐந்து துண்டு. எதிர்ப் பால்கனியில் அவள் வந்து நின்றாள். பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். ஆஹா, அந்த முகத்தைப் பார்க்க இரண்டு வருஷம் காத்திருந்தேன்.

செப்டம்பர் 15, வியாழன்

அவள் ஆறு. மதியம் நான் ஏழாக்கினேன்.

செப்டம்பர் 17, சனி

அவள் எல்லா அறையிலும் போட்டுவிட்டாள். சனிக்கிழமைக் கூட்டமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கிருந்துதான் பிடிக்கிறாள் இத்தனை பேரை? தெருவில் ஒருவனைக்கூட நான் பார்க்கவில்லையே. ஆற்றுப்பக்க வாசல் வழியாக வருகிறார்கள் போலிருக்கிறது. ஆமாம், அவளுக்கு வாசல்கூட இரண்டு.

நானும் எல்லா அறையிலும் போட்டேன்.

செப்டம்பர் 20, செவ்வாய்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது? தலைமுடி இன்னும் காயவில்லை.

மதியம் திடீரென்று மழை பிடித்தது. சாவிக் கொத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். ஒன்றாம் நம்பரைத் திறந்து பால்கனிக்குப் போய்த் துண்டை உருவினேன். எதிர்ப் பால்கனியில் அவள், துண்டை உருவிக்கொண்டிருந்தாள். சரி, அறையில் தங்கியிருப்பவர் வெளியே போயிருப்பார், அவருக்காக எடுக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டாம் நம்பருக்கு ஓடினேன். அங்கேயும் எதிரே அவள்! மூன்றாம் நம்பர். மூச்சு வாங்கியபடி அவள். நாலாம் நம்பர். தலையெல்லாம் நனைந்து, தோளில் துண்டு மூட்டையோடு அவள்.

ஒரு பால்கனிக் கதவைக்கூட வேறு யாரும் திறக்கவில்லை. வேறு ஒரு கைகூட நீளவில்லை. மழை அந்தக் கொட்டு கொட்டுகிறது, அத்தனை பேர் தங்கியிருக்கிற லாட்ஜில் ஒருத்தன் எட்டிப் பார்க்கமாட்டானா?

ஏழாம் நம்பரில் இரண்டு பேரும் நின்றுவிட்டோம். தெரு அகலம்தான் இடைவெளி. அவள் என் தோளைப் பார்த்தாள். நான் அவள் தோளைப் பார்த்தேன். அவள் துண்டுகள் எல்லாம் புதுசு. அந்த நேரத்திலும் அது என் கண்ணில் பட்டது பாருங்கள்.

இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம்.

அப்படியென்றால் அவளிடமும் யாருமே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும் அல்லவா? ராத்திரிச் சாப்பாடு வரை காத்திருந்தேன். வரவில்லை அந்தச் சந்தோஷம்.

செப்டம்பர் 21, புதன்

காலையில் அவள் மறுபடி எல்லாப் பால்கனியிலும் துண்டு போட்டாள். எனக்குத் தெரியும் என்று தெரிந்தே போட்டாள். என்ன நெஞ்சழுத்தம்!

நானும் போட்டேன்.

செப்டம்பர் 27, செவ்வாய்

மார்க்கெட்டில் குடைக்காரரைப் பார்த்தேன். கூட்டம் அழைத்து வருகிற வழிகாட்டி அவர். மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார், பின்னால் நாற்பது தொப்பிகள் வரும். அந்தக் காலத்தில் பாதித் தொப்பி எங்களுக்கு, பாதி எதிர் லாட்ஜுக்கு. நோய் நாட்களில் அவர் தன் மாமனார் வீட்டு ஊருக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். குடையோடு அவரைப் பார்த்ததும் ஓடிப்போய் வழிமறித்தேன்.

"எப்ப வந்தீங்க?" என்றேன்.

"போன புதன்கிழமையே வந்தேனே அக்கா! முதல் பஸ். தெரு முனையில நிறுத்தி மேல பார்த்தேன். ரெண்டு லாட்ஜுலயும் ஒரு பால்கனி விடாம துண்டு. சத்தியமா சொல்றேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நம்ம தெரு பிழைச்சுக்கிச்சுன்னு நினைச்சேன். சரி, இடம் இருக்காது, உங்களை ஏன் தர்மசங்கடப்படுத்தணும்னு பாலத்துக்கு அந்தாண்டை கூட்டிட்டுப் போயிட்டேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"பண்ணேனே. ரெண்டு நம்பரும் உபயோகத்துல இல்லைன்னு வருது."

உண்மைதான். லாட்ஜ் போனைக் கட்டணம் கட்டாமல் வெட்டிவிட்டார்கள். அவள் போனும் அப்படித்தான் போலிருக்கிறது.

புதன்கிழமை. இருபத்தொன்றாம் தேதி. அவள் போட்டாள் என்பதற்காக நான் போட்ட அதே புதன்கிழமை.

கூடையில் என்ன வாங்கினேன் என்று வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதி எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடாத காய். ஐயோ, நாற்பது பேர். தெரு முனை வரைக்கும் வந்து, எங்கள் துண்டைப் பார்த்து, திரும்பிப் போயிருக்கிறார்கள். யார் மேல் கோபப்படுவது?

செப்டம்பர் 28, புதன்

தெருவைக் கடந்தேன். பாகம் பிரித்த பிறகு முதல் தடவை.

ரிசப்ஷனில் அவள் கட்டில் போட்டிருந்தாள். கொழுந்தன் எங்கே என்று கேட்டேன். லாரி ஓட்டப் போய்ப் பல மாதம் ஆயிற்றாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் யாரையும் கேட்கவில்லை. சாவிப் பலகையில் ஒரு சாவிகூடக் குறையாமல் தொங்கிக்கொண்டிருந்தது, எங்கள் பலகை மாதிரியே.

பஸ் விஷயத்தைச் சொன்னேன். அவள் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இந்தத் துண்டு வித்தை உங்களுக்கு யார் சொன்னா?" என்றாள்.

"அத்தைதான். எனக்கு மட்டும்."

"எனக்கும் மட்டும்னுதான் சொன்னாங்க."

முதலில் அவள் சிரித்தாள். பிறகு எனக்கு வந்தது பாருங்கள் சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "உங்க ஏழு துண்டைப் பார்த்த அன்னிக்கு நான் சாப்பிடலை அக்கா" என்றாள். அவள் என்னைப் பார்த்து வயிறு எரிந்தாளாம். என்னைப் பார்த்து! இதை எழுதும்போதே ஒரு மாதிரி இனிக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது. இருக்கட்டும்.

என் செல்போனிலிருந்து குடைக்காரரைக் கூப்பிட்டோம். அடுத்த கூட்டம் அக்டோபர் பதினைந்து, கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

அக்டோபர் 4, செவ்வாய்

குடைக்காரர் கேட்டு அவளிடம் சொல்லியனுப்பிவிட்டார். நோய்க்குப் பிறகு சுற்றுலாக் கம்பெனி ஒரு புது விதி வைத்திருக்கிறதாம். ஒரு கூட்டத்துக்கு ஒரே லாட்ஜ், ஒரே பெயர், பொறுப்புக்கு ஒரே ஆள். பாதி இங்கே பாதி அங்கே என்பது இனி கிடையாது. ஆனால் ஒரே லாட்ஜுக்கு இரண்டு கட்டடம் இருந்தால் தப்பில்லையாம்.

யார் பெயர்? போனில் நட்சத்திரம் இருக்கிற பெயர்தான் வேண்டும் என்கிறார்கள்.

அதாவது என் போர்டு இறங்க வேண்டும். என் லாட்ஜ் அவளுடைய "இரண்டாவது கட்டடம்".

அவள் இதைச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். ஆனால் உதட்டோரத்தில் ஏதோ இருந்தது. இருந்ததா? நானாக நினைக்கிறேனா? இருந்தது.

அக்டோபர் 5, புதன்

முடியாது.

அக்டோபர் 6, வியாழன்

"உன்னால அவ பேருக்குக் கீழ இருக்க முடியுமா?" என்று இவர் கேட்டார்.

"முடியாது."

"அப்ப கிடங்குக்காரன்கிட்ட—"

"முடியாதுன்னுதான் சொன்னேன். இருக்கமாட்டேன்னு சொன்னேனா?"

கிடங்குக்கு விட்டாலும் போர்டு போகும், கூடவே சுவரும் போகும். இப்படியென்றால் போர்டு மட்டும்தான். எத்தனை தடவை யோசித்தாலும் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கிறேன். வயிறு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது, அது தனி.

அக்டோபர் 13, வியாழன்

போர்டை இறக்கியாயிற்று. ஏணியை அவள்தான் பிடித்துக்கொண்டாள். கழற்றிய இடத்தில் சுவர் பழைய நிறத்தில் பளிச்சென்று இருக்கிறது. பரணில் போடலாம் என்றார் இவர். வேண்டாம் என்று என் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன்.

துண்டுகளை எல்லாம் உள்ளே எடுத்துவிட்டோம். இரண்டு பக்கமும். தெரு மொட்டையாக இருக்கிறது.

அக்டோபர் 15, சனி

மஞ்சள் குடை!!

அக்டோபர் 31, திங்கள்

இது மூன்றாவது கூட்டம். வெளியூர்க்காரர்களுக்குத் துண்டு காயப்போடவே தெரியவில்லை. ஒன்று முறுக்கித் தொங்குகிறது, ஒன்று கீழே கடைக்காரர் கூரையில் கிடக்கிறது, ஒருவர் என் நல்ல வெள்ளைத் துண்டில் செருப்பைத் துடைத்திருக்கிறார். நானும் அவளும் போட்டது எப்படி ஒரே அளவாக, இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது! குடைக்காரர் அதைப் பார்த்து ஏமாந்தாரே, அவருக்கு நல்ல கண் டாக்டர் வேண்டும்.

கிடங்குக்காரர் இன்று சொன்ன தேதிக்கு டேப்போடு வந்துவிட்டார். இவர் அவரை மாடிக்கு அழைத்துப் போனார். ஏழாம் நம்பர் வாசலில் அந்த ஆள் கதவைத் தட்டக் கையை ஓங்க, இவர் சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "தட்டாதீங்க சார், உள்ள ஆள் தூங்கறாங்க" என்றார், ரகசியக் குரலில். அந்த ஆள் எட்டாம் நம்பரைப் பார்த்தார். "அங்கயும்தான்" என்றார் இவர். இரண்டு பேரும் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் படி இறங்கினார்கள். கீழே வந்தபிறகும் கொஞ்ச நேரம் இவர் அதே குரலில்தான் பேசினார். டீ குடித்துவிட்டு அந்த ஆள் டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் மகள் போனில் ஒன்று படித்துக் காட்டினாள். யாரோ எழுதியிருக்கிறார்களாம்: "இரண்டாவது கட்டடத்து அம்மா சிரிப்பதே இல்லை. ஆனால் இவ்வளவு சுத்தமான அறையை எங்கேயும் பார்த்ததில்லை." ஐந்து நட்சத்திரம். அத்தனையும் அவள் கணக்கில்.

அதோடு விட்டதா? கீழே இன்னொரு வரி. முதல் கட்டடத்துத் தலையணைதான் ரொம்ப மெத்தென்று இருக்கிறதாம்.

பழையபடி பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு. நாளைக் காலையில் முதல் வேலையாகப் போய் அந்தத் தலையணையை எங்கே வாங்கினாள் என்று கேட்க வேண்டும். சொல்லமாட்டாள் கள்ளி.