அண்ணி ஊற்றும் மருந்து

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். வயிற்றுத் தையல் எப்படி இருக்கிறது? இருமும்போது தலையணையை அணைத்துக்கொள்கிறாயா? நான் நலம். போன் செய்தால் அண்ணிதான் எடுக்கிறாள், அதனால் இந்தக் கடிதம்.

குடல் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் உனக்குக் காற்று பிரிந்ததையே அண்ணி சொல்லித்தான் அறிந்தேன். தினமும் காலையில் இருபது கட்டிலில் இதையே கேட்டுத் திரியும் நர்ஸ் நான். பெற்ற மகளிடம் சொல்ல உனக்குக் கூச்சம், மருமகளிடம் இல்லை. போகட்டும். முக்காமல் போனால்தான் தையலுக்கு நல்லது, மலம் இளக்கும் சிரப்பை இரண்டு வேளையும் விடாமல் கொடு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நீயோ, “அவ ஊத்தினா ஒரு சொட்டு கூடாது, குறையாதுடி” என்கிறாய்.

நேற்று ஒரு வேடிக்கை. உன்னைப் போலவே ஆபரேஷன் ஆன ஏழாம் கட்டில் அம்மா, “மருமக வரட்டும், அவ ஊத்தினா குடிக்கிறேன்” என்றார். “ஏன், பொண்ணு ஊத்தினா இறங்காதா?” என்று கேட்டுவிட்டேன். “எனக்குப் பொண்ணே இல்லையேம்மா” என்றார் மெதுவாக. வார்டே என்னைப் பார்த்தது. பெரிய நர்ஸ் என்னை டீ குடிக்க அனுப்பிவிட்டார்.

தையல் போட்ட இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. அண்ணி எடுக்க வேண்டாம், நீயே எடு. மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

மணி அடிக்கிறது, ஏழாம் கட்டில்தான். இன்று காலையிலிருந்து நான் ஊற்றினால்தான் குடிப்பாராம். மருமகள் பக்கத்திலேயேதான் நிற்கிறாள். இதை மறக்காமல் அண்ணியிடம் சொல்.

உன் மகள்