கயிற்றின் மறுநுனி

கார்த்திகை, வெள்ளி இரவு.

இன்று எழுத வேண்டியவை:
1. பக்கத்து வீட்டுத் தேவகி அம்மாவின் இறுதிச் சடங்கு.
2. அவர்களுடைய கயிறு.
3. கோபாலன் என் உதவிக்கு ஒப்புக்கொண்டது.

ஊரடங்குக்கு முன்னரே சடங்கை முடித்துவிட்டோம்.

கோபாலனும் தேவகியும் கலியாணம் முடித்த கையோடு மலையாளக் கரையிலிருந்து இங்கே கப்பல் திருத்தும் டொக்யாட் வேலைக்கு வந்தவர்கள். பிள்ளைகள் இல்லை. இரும்படித்தே கோபாலனுக்குக் காது போய்விட்டது. ஷெல் குண்டுகள் விழத் தொடங்கிய பிறகு, இருவரும் மணிக்கட்டுகளை ஒரு கயிற்றால் இணைத்துக்கொண்டுதான் படுப்பார்கள். சத்தம் கேட்டதும் அந்த அம்மா இழுப்பார். இருவருமாக முற்றத்தில் வெட்டிய பங்கர் குழிக்குள் இறங்குவார்கள்.

சுடலையிலிருந்து வந்ததும், என் வீட்டில் படுக்கும்படி கோபாலனின் காதுக்குள் கத்தினேன்.

"அவள் இருந்த வீட்டை விட்டிட்டு வர ஏலாது, மாஸ்டர்."

"அப்ப கயிற்றை என்ர யன்னலால விடுங்கோ. நான் இழுக்கிறன்."

"நீங்களோ? சத்தம் கேட்டா முதல் ஆளாப் பங்கருக்குள்ள நிக்கிறது நீங்கள்தானே!" சிரித்தார். பிறகு, "ஓம், கட்டுறன்" என்று ஒரு நுனியை என்னிடம் நீட்டினார்.

இவ்வளவும் எழுதும்போதே துறைமுகப் பக்கம் வெடிக்கத் தொடங்கிவிட்டது. கயிற்றை இழுத்தேன். ஒரு பாரமும் இல்லாமல், முடிச்சே போடாத மறுநுனியோடு முழுவதும் என் கைக்கு வந்துவிட்டது. அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கதவைத் திறந்து வெளியே போக எனக்குத் துணிவு வரவில்லை. பங்கருக்கும் போகவில்லை. யன்னலடியிலேயே இருக்கிறேன்.

மூன்றாவதாக எழுதியது பிழை. அவர் ஒப்புக்கொள்ளவில்லை.