ஒரு அப்பம் எத்தனை கிராம்

மே 5, செவ்வாய்

கத்திரி தொடங்கி ரெண்டாம் நாள். எட்டு மணிக்கே சுவர் சுடுது. எடை போடறதுக்குள்ள வெண்ணெய் உருகி கையெல்லாம் பிசுபிசு.

ஜெனி மதியத்துக்கு: முட்டை 42 கி., வெண்ணெய் 18, தேங்காய் எண்ணெய் 12, பன்னீர் 20, பீன்ஸ் 25. தராசு பேட்டரி மங்குது. வாங்கணும்.

ஞாயித்துக்கிழமை ஜெனிக்குப் புதுநன்மை. முதல் தடவை நற்கருணை வாங்கப் போறா. போன வாரத்திலேர்ந்து கான்வென்ட்ல பயிற்சி, ஒன்பதரை டு பன்னெண்டு. விட்டுட்டு நான் கடைக்கு. பன்னெண்டுக்குக் கூட்டியாந்து கல்லாவுக்குப் பின்னாடி உக்கார வெக்கறேன். லீவுல ஸ்டேஷனரிக் கடைக்கு யார் வரா. முதலாளி ஒண்ணும் சொல்றதில்ல.

வலிப்புப் பிள்ளைங்களோட பெத்தவங்க குரூப்ல காலையில 31 மெசேஜ். மாயவரத்துல ஒரு அம்மா, டயட் ஆரம்பிச்சு முதல் வாரம். "சோறே கூடாதாக்கா? ஒரு கை கூடவா?" டைப் பண்ணினேன்: சோறு, இட்லி, சக்கரை, பழம் எதுவும் கிடையாது. கொழுப்புதான் சாப்பாடு. உடம்பு சக்கரைக்குப் பதிலா கொழுப்ப எரிக்க ஆரம்பிச்சா சில பிள்ளைங்களுக்கு வலிப்பு அடங்கும். சில பிள்ளைங்களுக்குத்தான். டாக்டர் சொல்லாம எதையும் மாத்தாதீங்க. இதையே எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன். பழசை எடுத்து ஒட்டலாம். மனசு வரல. கட்டை விரல் வலி.

நானும் ஒண்ணு கேட்டேன். நற்கருணை அப்பம் ஒண்ணு எத்தனை கிராம் இருக்கும்? யாருக்கும் தெரியல. நாகூர் சல்மா அம்மா மட்டும், "நோன்புக்கு நாங்க பேரீச்சம்பழத்தையே துண்டு போட்டு எடை பாத்தோம். நீங்க பத்து அப்பத்தை ஒண்ணா வெச்சு வகுத்துடுங்க." நல்ல யோசனை.

சிஸ்டர்கிட்ட கேட்டு மந்திரிக்காத அப்பம் பத்து வாங்கியாந்தேன். 2.3 கி. ஒண்ணு 0.23. முழுக்க மாவுதான். டயட்டீஷியன் மேடத்துக்குப் போன் பண்ணினேன். "ஒண்ணுதானே, தாராளமா. அன்னிக்கு பீன்ஸ்ல அஞ்சு கிராம் கொறச்சிடுங்க."

இவர் பார்த்துட்டு, "ஓஸ்திய தராசுல வெக்கறவ நீ ஒருத்திதான்"னார். இவங்க வீட்டுல ஓஸ்தின்னுதான் சொல்றது. சிரிச்சாரு. சிரிப்புல கூட களைப்பு.

மே 6, புதன்

தலை பின்னிக்கிட்டு இருந்தேன். இடது ஜடை முடிஞ்சுது. வலது பக்கம் முடியப் பிரிக்கும்போது தலை பின்னால சாஞ்சுது. விளையாடறான்னு நெனச்சு "நேரா உக்காரு"ன்னு அதட்டினேன்.

அதட்டினேன்.

கண்ணு மேல போயிடுச்சு. இடது கை வெட்டி வெட்டி இழுத்துது. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சேன். மணி பாத்தேன். மூக்கு ஸ்ப்ரே கையில. அஞ்சு நிமிஷம் தாண்டினா அடிக்கணும். தாண்டல. ஒரு நிமிஷம் நாப்பது செகண்ட். அப்புறம் தூக்கம். ஒரு பக்கம் ஜடை, ஒரு பக்கம் விரிச்ச முடி.

ஒரு வருஷம் ரெண்டு மாசம் ஒண்ணுமே இல்லாம இருந்தா. அடுத்த மாசம் டயட்டைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திப் பாக்கலாம்னு டாக்டர் சொல்லியிருந்தார்.

எழுந்ததும் சிறுநீர்ல ஸ்ட்ரிப் வெச்சேன். கொழுப்பு எரிஞ்சா கத்தரிப்பூ நிறம் வரணும். வெளிறின ரோஸ். எங்கிருந்தோ சக்கரை போவுது.

டாக்டருக்குப் போன். காய்ச்சல் இல்லையே, மருந்து அதேதானே, சாப்பாட்டப் பாருங்க, திரும்ப வந்தா உடனே தூக்கிட்டு வாங்க. கடைக்கு லீவு.

குரூப்ல எழுதினேன். ஜெபிக்கிறோம், துஆ செய்றோம், அங்காளம்மனுக்கு வேண்டிக்கிறோம். எல்லாத்துக்கும் கும்பிடு போட்டேன்.

ஆதித்யா அப்பா மட்டும் தனியா மெசேஜ். இந்த குரூப்ல எல்லாரையும் பிள்ள பேரைச் சொல்லித்தான் கூப்புடறது. அவர் பேரு தெரியாது. திருவண்ணாமலையில மோட்டாருக்குக் காயில் கட்டற பட்டறை. பத்தாவது வரைக்கும் படிப்பு. எந்த சிரப்புல எவ்வளவு சக்கரை, எந்த மாத்திரையில என்ன மாவு, எந்த பேஸ்ட்ல என்ன இனிப்பு, எல்லாத்துக்கும் ஒரு பட்டியல் வெச்சிருக்கார். கம்பெனிக்கே போன் போட்டுக் கேப்பாராம். ஆறுதல் ஒரு வார்த்தை இல்ல. "மூணு நாள்ல வாய்க்குள்ள போனது, தோல்ல பட்டது அத்தனையும் எழுதுங்க. டப்பா, கவர் பின்பக்கம் போட்டோ. ஒண்ணும் விடாதீங்க."

23 போட்டோ அனுப்பினேன். பல் பேஸ்ட், தலைக்கு வெக்கற எண்ணெய், வியர்க்குரு பவுடர், கொசு மருந்து உள்பட.

மே 7, வியாழன்

ஜெனி வீட்டுல. சுருண்டு படுத்தே இருக்கா. பயிற்சிக்கு அனுப்பல. இவருக்கு இந்த வாரம் ரெண்டாவது ஷிஃப்ட், காலையில பாத்துக்கிட்டாரு. நான் அரை நாள் கடை.

ஆதித்யா அப்பா ஒவ்வொண்ணா பதில். பேஸ்ட் ஓகே. எண்ணெய் ஓகே. பவுடர்ல ஸ்டார்ச் இருக்கு, ஆனா தோல்ல பட்டா ஒண்ணும் ஆவாது. வலிப்பு மாத்திரை கம்பெனி மாறல. வெண்ணெய் கவர்தான் புதுசு, சரக்கு அதேதான். பன்னீர் எந்தக் கடை, பாலு கொழுப்பு எடுத்ததா? இல்ல. அப்ப அதுவும் ஓகே.

கடைசியில: "வீட்டுல இல்லம்மா. வெளிய இருக்குது."

ஜெனியக் கேட்டேன். "யாராச்சும் திங்க ஏதாச்சும் குடுத்தாங்களா?" "இல்லம்மா." கால் விரலப் பாத்துக்கிட்டே சொன்னா.

அதை ஆ.அ. கிட்ட சொன்னேன். "இனிமே கேக்காதீங்க. கேட்டா அது பொய் சொல்லித்தான் ஆவணும். நீங்க இல்லாதப்ப பாப்பா எங்க இருக்குது? அங்க போங்க. சொல்லாம போங்க. பேசாம நின்னு பாருங்க."

இவர் ஷிஃப்ட் கிளம்பும்போது வாசப்படியில நின்னு, "புதுநன்மை இந்த வருஷம் வேணாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." வெள்ளை கவுன் தெச்சு வந்து பீரோ கைப்பிடியில தொங்குது.

மே 8, வெள்ளி

பயிற்சிக்கு விட்டேன். பதினோரு மணிக்கே திரும்பிப் போய் வராந்தா தூணுக்கு இந்தப் பக்கம் நின்னேன்.

பிஸ்கட் டின். அப்பத்துக்கு மாவைத் தகடு தகடா சுட்டு, வட்டம் வட்டமா வெட்டி எடுத்துட்டு, மிச்சம் இருக்குமே ஓரம், அந்த ஓட்டை ஓட்டைத் துண்டுங்க. சிஸ்டர் கை நெறைய அள்ளிப் போடறாங்க. பிள்ளைங்க வரிசை. ஜெனி நாலாவது. வாங்கி ஒரே வாயா போட்டா. ஓடிப்போய் வரிசைக் கடைசியில மறுபடி நின்னா.

அவ முகம். மூணு வருஷமா கிராம் கிராமா எடை போட்டு ஊட்டறேன், அந்த முகத்த ஒரு நாளும் பாத்ததில்ல.

என்னப் பாத்துட்டா. மெல்லறத நிறுத்திட்டா. முழுங்கவும் இல்ல, துப்பவும் இல்ல. கன்னம் உப்பலா அப்படியே நின்னா. "முழுங்கு"ன்னேன். முழுங்கினா.

சிஸ்டர்கிட்ட, "திங்க ஒண்ணும் குடுக்காதீங்கன்னு சொல்லியிருந்தேனே சிஸ்டர்."

"பிஸ்கட், மிட்டாய் எதுவும் குடுக்கலியேம்மா. இது அப்பம். தின்பண்டம் இல்லியே."

"கோதுமை மாவு சிஸ்டர்."

டின்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க. மூடி போட்டாங்க. எழுவது வயசிருக்கும். "எனக்குத் தோணவே இல்லம்மா. பிள்ளைங்க கேக்கும், குடுப்போம்." கண்ணு கலங்கிடுச்சு. கோவப்படலாம்னுதான் போனேன். அதுக்குக் கூட தெம்பில்ல.

கடைக்கு நடந்தோம். நிழலே இல்லாத தெரு. பாதி வழி தாண்டினோம். அப்புறம் அவளே, "எல்லாரும் வரிசையில போனாங்கம்மா."

"ருசியா இருந்துச்சா?"

"இல்ல. மொறுமொறுன்னு இருந்துச்சு."

ஆ.அ.வுக்குச் சொன்னேன். முதல் கேள்வி: "ஒரு கை எத்தனை கிராம்?" கடுப்பாயிடுச்சு. சாயந்திரம் தராசு முன்னால உக்காந்தேன். சிஸ்டர் கவர்ல கொஞ்சம் குடுத்தனுப்பியிருந்தாங்க. ஒரு கை 9 கி. ரெண்டு கை. எத்தனை நாளோ. அவர் பட்டியல்ல ஏத்திட்டார்: "நற்கருணை அப்பம், ஓரத் துண்டு. ஒரு கை 9 கி., மாவுச்சத்து 8க்குக் குறையாது. திங்கற பொருளா யாருக்கும் தோணாது, கவனம்."

மே 9, சனி

காலை ஸ்ட்ரிப்: ரோஸ் கொஞ்சம் ஏறியிருக்கு.

டாக்டர்கிட்ட எல்லாம் சொன்னேன். அதுதான் காரணமா இருக்கலாம்னாரு, டயட்ட ஒழுங்கா தொடருங்க. நாளைக்கு ஒரே ஒரு அப்பம் குடுக்கலாமான்னு கேட்டேன். கணக்குல சேத்து குடுங்க, தப்பில்ல.

சாயந்திரம் பாவசங்கீர்த்தனம், ஃபாதர்கிட்ட பாவத்தச் சொல்லி மன்னிப்பு வாங்கறது. ஜெனி ஒரு துண்டுக் காகிதத்துல எழுதி நாலா மடிச்சு வெச்சிருந்தா. "படிக்காதம்மா." படிக்கல. கோயில்ல பிள்ளைங்க வரிசை நீளம். வெளிய வேப்ப மரத்தடியில நின்னு ஆதித்யா அப்பாவுக்குப் போன் போட்டேன், நன்றி சொல்ல. ரெண்டு வருஷப் பழக்கம், குரல் இன்னிக்குத்தான் கேக்கறேன். பின்னால மெஷின் சத்தம். மெல்லிசான குரல்.

"பாப்பா எப்படி இருக்குது?"

"தேவலைங்க. ஆதித்யா எப்படி இருக்கான்? டயட் எல்லாம் முடிஞ்சுதா அவனுக்கு?"

மெஷின நிறுத்தினாரு.

"எங்களுக்கு அது வேலை செய்யலம்மா. ஆறு மாசம் பாத்தோம், டாக்டரே நிறுத்தச் சொல்லிட்டார். பதினேழு ஆவுது இப்ப. தினம் நாலஞ்சு தடவை வருது. இங்கதான் பக்கத்துல படுத்திருக்கான்."

"அப்புறம் ஏங்க இன்னும் இதெல்லாம்..."

"அந்த ஆறு மாசத்துல ஏதாச்சும் சக்கரை எங்கயாச்சும் போயிருக்குமோ, அதனாலதான் கேக்கலியோன்னு தேட ஆரம்பிச்சது. ஒண்ணும் ஆம்புடல. ஆனா பட்டியல் பெருசாயிடுச்சு. ஜனங்க கேக்கறாங்க. சொல்றேன்." பட்டறையில ஆள் வந்துட்டாங்கன்னு வெச்சுட்டார்.

மரத்தடியிலேயே நின்னேன். ரெண்டு வருஷமா அந்த மனுஷன்கிட்ட, முடியல, எடை போட்டு போட்டு அலுத்துப் போச்சுன்னு எத்தனை தடவை எழுதியிருப்பேன்.

இவருக்கு இன்னிக்கு லீவு. வீட்டுல ஜெனி, "நாளைக்கு வேணாம்னு சொல்லிடும்மா. வந்துட்டா எல்லாரும் பாப்பாங்க." நான் வாயத் தொறக்கறதுக்குள்ள இவர், வேணாம்னு சொன்ன அதே மனுஷன், "வந்தா நான் தூக்கிக்கறேன். உன் பக்கத்துலயே வரேன்"னார்.

மே 10, ஞாயிறு

பீன்ஸ் 20 கி. அஞ்சு கொறச்சாச்சு. ஸ்ட்ரிப் கத்தரிப்பூ. இவரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

கோயில்ல புழுக்கம். ஃபேன் காத்து எட்டல. இருபத்தாறு பிள்ளைங்க, வெள்ளை. ஜெனி நடக்கும்போது இவரும் கூடவே நடந்தார். பிள்ளைங்க நடுவுல நெடுநெடுன்னு ஒரு ஆள். பின் பெஞ்சில ஒரு அம்மா, "பெரியவங்க பிள்ளைங்களுக்கு அப்புறம்தானே வாங்கணும்?" இவர் காதுல விழுந்த மாதிரியே காட்டிக்கல. பீடத்துப் படி வரைக்கும் போய் ஒரு கை தூரத்துல நின்னார்.

வாங்கினா. வாய மூடினா. திரும்பி வந்து முட்டி போட்டா. நான் ஜெபிக்கல. அவ கழுத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன், சாயுதா சாயுதான்னு. சாயல.

அப்புறம் ஹால்ல கேக். ஜெனி ஒரு தோழிக்குத் தட்டு பிடிச்சு நின்னா, தான் தொடல. நான் பாதாம் உருண்டை குடுத்தேன். தின்னா. சிஸ்டர் தூரத்திலேர்ந்து என்னப் பாத்து தலையாட்டினாங்க. நானும்.

மூணு மணிக்கு கவுனோடயே தூங்கிட்டா. இவரும். நான் பாத்திரம் கழுவினேன்.

மே 11, திங்கள்

வெயில் அதேதான். கால் ரெண்டும் கனக்குது. கடைக்கு நோட்டு லோடு வந்துது, எண்ணி அடுக்கினேன்.

மதியம் ஒரு நம்பர். தெரியாதது. கடலூர்ப் பக்கம், சின்னப் பொண்ணு குரல். ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுது. ரெண்டு வயசுப் பையன், நேத்துதான் டயட் ஆரம்பிச்சிருக்காங்க. குரூப்ல யாரோ என் நம்பர் குடுத்தாங்களாம். இன்னிக்கு என்னால முடியாதும்மான்னு சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அந்தப் பொண்ணு மூக்கை உறிஞ்சிக்கிட்டே கேட்டுது: "எத்தினி நாளைக்குக்கா இப்படி எடை போடணும்?"

வருஷக் கணக்கு சொல்லல. பக்கத்துல தராசு இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னுச்சு. மதியத்துக்கு என்ன எழுதிக் குடுத்திருக்காங்க, படிம்மான்னேன். படிச்சுது. ஒவ்வொண்ணா வெக்கச் சொன்னேன்.