பாடி என்றொரு சொல்

டிக்டெல்,
புதன்கிழமை

அன்புள்ள கர்ணபீர் அண்ணாவுக்கு, தங்கை இந்திமாயா வணங்கி எழுதுவது.

அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. அண்ணிக்கு இது எட்டாவது மாதம். கால் வீங்கியிருக்கிறது, ஆனாலும் புளித்த கீரையைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுகிறார். எருமை கிடேரிக் கன்று போட்டிருக்கிறது.

உன் போன் பதினொரு நாளாக அணைந்து கிடக்கிறது. தண்ணீரில் விழுந்திருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை வீட்டுப் போனுக்கு ஒரு செய்தி வந்தது. போன மாதம் உன் மேஸ்திரியின் போனிலிருந்து பேசினாயே, அதே எண். ஆங்கிலத்தில் ஐந்தே சொற்கள்: கர்ணபீர் பாடி பினிஷ் பிரைடே சென்ட். முடிந்தது, வெள்ளிக்கிழமை, அனுப்புவது. ஏழாவதோடு நின்றவளுக்கும் அவ்வளவு தெரியும். பாடி என்பதைத்தான் உன் பழைய அகராதியில் தேடினேன். முதலில் உடம்பு என்று போட்டிருக்கிறது. பிறகு பிணம். பிறகு வண்டியின் கூடு. பிறகு சபை. வானத்து நட்சத்திரம்கூட பாடிதானாம். இதில் எது என் அண்ணனுக்கு என்று மட்டும் போடவில்லை.

நீ மலேசியா போன புதிதில், "தினம் ரெண்டு பாடி கட்டுறோம்" என்றதும் அம்மா போனைக் கீழே போட்டு, "பொணம் கட்டுற வேலைக்கா எம்புள்ளைய அனுப்பினேன்?" என்று அழுதார். "லாரிக்குக் கூடு கட்டுறதும்மா அது" என்று நீ சிரித்தாய். அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. ஆங்கிலமே தெரியாத நம் ஊருக்கு அந்தச் சொல்லின் ஒரு பொருள் மட்டும் நன்றாகத் தெரியும். போன தசைன் பண்டிகைக்கு மேல்வீட்டு சந்திரமான் கத்தாரிலிருந்து வந்தபோது, "பாடி வந்துருச்சாம், பாடி வந்துருச்சாம்" என்றுதானே எல்லோரும் ஓடினோம். அவன் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை.

மேஸ்திரி நம் வீட்டு எண்ணை உன் பெயரில் பதிந்து வைத்திருப்பார். 'கர்ணபீர், லாரிக்கூடு முடிந்தது, வெள்ளிக்கிழமை அனுப்பு' என்று உனக்கு வேலை சொன்னது இங்கே வந்துவிட்டது. உன் பெயருக்குப் பின் ஒரு காற்புள்ளி வைக்கவில்லை, அவ்வளவுதான். இப்படி நினைத்தால் சோறு இறங்குகிறது. காற்புள்ளி இல்லாமல் படித்தால் இறங்குவதில்லை.

நேற்று அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஒரு ஆண் குரல், "ஹலோ? ஹலோ?" என்றது. அந்நியரிடம் எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும். ஆனால் நேற்று அது கூச்சமில்லை அண்ணா. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே. வைத்துவிட்டேன்.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அண்ணி போனைத் தொட்டாலே பிடுங்கிக்கொள்கிறேன். "எவன்டி அவன், எங்கிட்ட மட்டும் சொல்லு" என்று சிரிக்கிறார். நானும் சிரித்து வைக்கிறேன்.

விடுமுறை முடிந்து இன்று மலேசியாவுக்குக் கிளம்பும் பதம் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அங்கே பாடி என்றால் என்ன என்று அவரிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "ப்ளேன் ஏறுற வரைக்கும் நம்ம பாடி, எறங்கிட்டா கம்பெனி பாடி மருமகளே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

உன் கையில் தவிர வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது, நீ இல்லையென்றால் பிரிக்காமல் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். கிடைத்ததும் யார் போனிலாவது கூப்பிடு. "பயந்தாங்கொள்ளிக் கழுதை" என்று வாய் நிறையத் திட்டு.

நம் குலதெய்வம் உன்னைக் காக்கட்டும். இதைப் பிரித்துப் படிக்கிறவன் நீயாக இரு அண்ணா.

உன் தங்கை
இந்திமாயா