அழ ஆள் வராத வீடு

என் பிரியமான அத்தைக்கு,

நீங்கள் போனபின் நடந்ததை நானே உங்களிடம் சொல்ல வேண்டும். உங்கள் மகனும் நானும் பிரிந்துவிட்டோம். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. "எனக்கு மனசு ஒட்டல கலா" என்று ஒருநாள் சொல்லிவிட்டு ஓசூருக்குப் போய்விட்டார்.

முதலில் நான் நம்பவே இல்லை. வேங்கிக்கால் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்தே சோறு வடித்தேன். கேட்டவர்களிடம், "வேலை விஷயமா போயிருக்காரு, வந்துடுவாரு" என்றேன். பிறகு கோபம் வந்தது. அவர் சட்டைகளை மாடியிலிருந்து வீசினேன். மறுநாள் நானே பொறுக்கித் துவைத்து மடித்து வைத்தேன். பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றிக் கிரிவலம் போனேன். அவரைத் திருப்பி அனுப்பு, வேறெதுவும் கேட்க மாட்டேன் என்று வழியிலுள்ள ஒவ்வொரு லிங்கத்திடமும் பேரம் பேசினேன். கோர்ட்டில் விவாகரத்து ஆன அன்று அதுவும் நின்றது. அப்புறம் படுத்தவள்தான்.

நீங்கள் இறந்தபோது தெருவே வந்து நம் வீட்டில் அழுதது. இதற்கு யார் வருவார்கள்? உயிரோடு இருப்பவரை நினைத்து எப்படி அழுவது?

மெஹருன்னிசா அக்கா வந்தார். உங்களுக்குப் பிறகு கீழ்வீட்டுக்குக் குடிவந்தவர். கையில் பெரிய தூக்குச்சட்டி.

"எங்க ஜனத்துல மவுத்தான வீட்ல அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க. பக்கத்து வீட்லதான் ஆக்கிக் கொடுப்போம். சாப்டும்மா."

"யாரும் சாவலியேக்கா."

"உன் குடும்பம் போச்சே. அது கம்மியா?"

அன்றுதான் வாய்விட்டு அழுதேன். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இப்போது நன்றாக இருக்கிறேன் அத்தை. செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் என் பொறுப்பு. காலை வேலை முடிந்ததும் மலையைப் பார்த்தபடி காபி குடிப்பேன். மலையிடம் ஒன்றும் கேட்பதில்லை. சில நாள் இன்னும் அழுகை வரும். வரட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

போன வாரம் அவர் போன் செய்தார்.

"அம்மா திதி வருது. அம்மா செய்யுற கருணைக்கிழங்கு மசியல் எப்படின்னு உனக்குத்தான் தெரியும்."

சொல்லிக் கொடுத்தேன். "புளி கம்மியா போட்டீங்கன்னா நாக்கு அரிக்கும்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்தபின் வலிக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பசித்தது.

அவர் அங்கே படைக்கட்டும். நானும் இங்கே உங்களுக்கு ஓர் இலை போடுவேன், ஒவ்வொரு வருஷமும். அந்த உரிமையைத் திருப்பிக் கொடு என்று கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

இன்றும் உங்கள் மருமகள்,
கலா